கயிறா, பாம்பா?

பல் ஈறின் ஓரத்தில் ஒரு சிறு செங்கட்டி முளைக்கிறது. மிளகளவுதான் இருக்கும். வலி கிடையாது. பல் துலக்கும்போது மட்டும் இரத்தம் கசிகிறது. இதற்கு நம் வீடுகளில் என்ன செய்வார்கள் என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரம் உப்பு நீரால் கொப்பளிப்பார்கள். இரண்டாவது வாரம் கிராம்புத் தைலம் தடவுவார்கள். மூன்றாவது வாரம், "உஷ்ணத்தினால் வந்தது, தானே அடங்கிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தீர்ப்பு அநேகமாகப் பொய்ப்பதில்லை என்பதையும் நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஏனெனில், இத்தகைய கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை உயிருக்குத் தீங்கு செய்யாதவையே.

ஆனால், அரிதினும் அரிதாக, அதே இடத்தில், அதே நிறத்தில், அதே அளவில் வேறொன்று முளைப்பதுண்டு. அது இரத்தக் குழாய்களிலிருந்தே பிறக்கும் புற்றுநோய். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பென்று எண்ணி நடுங்குகிறவனைப் பற்றி நம் வேதாந்திகள் சொல்வது வழக்கம். நாம் இங்கே எடுத்துக்கொண்ட விஷயத்தில் அந்த மயக்கத்தோடு வேறொரு மயக்கமும் உண்டு. பாம்பைக் கயிறென்று எண்ணி மாதக் கணக்கில் வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் பரிகாரம் ஒன்றே: யாராவது ஒரு விளக்கைக் கொண்டு வர வேண்டும். அந்த விளக்கு எது, அது எங்கே கிடைக்கும், அதைக் கேட்டு வாங்குவது எப்படி என்பதைச் சொல்வதே இந்த வாரம் நமது நோக்கம்.

குழாயின் உட்பூச்சு

நம் உடலில் இரத்தம் செல்லும் குழாய்களில் பெரியவை உண்டு, சிறியவை உண்டு. மிகச் சிறியவற்றின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டுவதில்லை. இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் அவற்றுள்ளே ஒன்றன்பின் ஒன்றாக, கோயில் திருச்சுற்றின் குறுகிய வாயிலில் ஜனங்கள் நுழைவதுபோல, நெருங்கிக்கொண்டு செல்கின்றன. பெரிய குழாயாயினும் சிறிய குழாயாயினும் அதன் உட்புறத்தில் ஒரே ஓர் அடுக்காக மெல்லிய ஜீவ அணுக்கள் பதிந்திருக்கின்றன. 'செல்' என்று பாட புத்தகங்களில் குழந்தைகள் படிப்பது இந்த ஜீவ அணுவைத்தான். காயம் பட்ட இடத்தில் புதுக் குழாய்களை முளைக்கச் செய்வதும், வேலை முடிந்ததும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்வதும் இந்த உட்பூச்சு அணுக்களின் கடமை.

சில சமயங்களில் இந்த அணுக்கள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதில்லை. வேண்டாத இடத்தில் வளர்கின்றன. ஒழுங்கற்ற குழாய்களாகப் பின்னிக்கொள்கின்றன. அக்கம் பக்கத்துத் தசையையும் எலும்பையும் அரிக்கின்றன. இரத்த ஓட்டத்தோடு கலந்து நுரையீரல் போன்ற இடங்களில் போய்க் குடியேறுகின்றன. இவ்விதம் வெறிகொண்ட வளர்ச்சிக்கு 'ஆஞ்சியோ சார்க்கோமா' என்று பெயர். இரத்தக் குழாய்ப் புற்றுநோய்களில் மிகவும் கொடியது இதுதான்.

நம் தேசத்தில் வாய்ப் புற்றுநோய் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது புகையிலையும் பாக்கும். அது சரியே. வாயில் தோன்றும் புற்றுநோய்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை வாயின் மேற்பூச்சுத் தோலில் தோன்றுகிறவை. புகையிலை, பாக்கு, மது ஆகியவையே அவற்றுக்குப் பெரும் காரணங்கள். குழாய்களிலிருந்து பிறக்கும் புற்றுநோய் வேறு ஜாதி. அது உடலில் எங்கும் தோன்றலாம். தலையில் தோன்றினாலும் பெரும்பாலும் முதியவர்களின் உச்சந்தலைத் தோலிலும் முகத்திலும்தான் தோன்றும். நாக்கிலோ ஈறிலோ அண்ணத்திலோ தாடை எலும்பிலோ தோன்றுவது மிக மிக அபூர்வம். பல் வைத்தியர் ஒருவர் தம் ஆயுள் முழுவதும் தொழில் நடத்தியும் இத்தகைய நோயாளி ஒருவரைக் கூடக் காணாமல் ஓய்வு பெறக்கூடும்.

இந்த அபூர்வத் தன்மையில்தான் அபாயம் இருக்கிறது. "எனக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் கூட இல்லையே!" என்று நோயாளி நிம்மதி அடைகிறார். "இவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லையே!" என்று வைத்தியரும் நிம்மதி அடைந்துவிடக்கூடும். ஆனால் குழாய்ப் புற்றுநோய் ஒழுக்கச் சான்றிதழைப் பார்த்து வருவதல்ல. முன்பு வேறு நோய்க்காகக் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற இடத்தில், பல ஆண்டுகளுக்குப் பிறகு இது தோன்றுவதுண்டு. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் 'வினைல் குளோரைடு' என்ற வாயுவை நெடுங்காலம் சுவாசித்த தொழிலாளிகளின் ஈரலில் இந்நோய் தோன்றுகிறது என்பது 1974ல் அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வெளிப்பட்டது. ஆனால் வாயில் வரும்போது பெரும்பாலோருக்கு இன்ன காரணம் என்று விரல் நீட்டிக் காட்ட முடிவதில்லை.

வேஷம் போடுகிறவை

ஈறில் முளைக்கும் செங்கட்டிகளில் மிகவும் சாதாரணமானது ஒன்று உண்டு. அதற்கு டாக்டர்கள் வைத்த பெயர் 'பையோஜெனிக் கிரானுலோமா.' சீழை உண்டாக்கும் கட்டி என்பது அந்தப் பெயரின் பொருள். உண்மையில் அதற்கும் சீழுக்கும் சம்பந்தமே கிடையாது. பற்களில் படிந்த காரையோ, வேறு உறுத்தலோ, சிறு காயமோ காரணமாக இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி முளைப்பதால் உண்டாவது அது. கர்ப்பிணிகளுக்கு இது சற்று அதிகமாக வரும். பிரசவத்திற்குப் பிறகு தானே சுருங்கிவிடுவதும் உண்டு. சுண்டைக்காய் அளவுக்கு வளர்ந்து, தொட்டால் இரத்தம் பெருகி, வீட்டாரைக் கலங்க அடித்தாலும் உயிரை வாங்காது. இது கயிறு.

பச்சிளங் குழந்தைகளின் உதட்டில் தோன்றும் செம்மறுவும் அநேகமாகக் கயிறுதான். பிறந்த சில வாரங்களில் தோன்றி, சில மாதங்கள் வேகமாக வளர்ந்து, பிறகு ஆண்டுக் கணக்கில் மெல்ல மெல்ல வாடிப்போகும். கண்ணை மறைத்தாலோ, பால் குடிக்கத் தடையானாலோ, புண்ணானாலோ மட்டுமே சிகிச்சை அவசியம். 2008ல் பிரான்ஸ் தேசத்துப் போர்டோ நகர டாக்டர்கள், இருதயக் கோளாறுக்காக ஒரு குழந்தைக்குக் கொடுத்த 'புரோப்பரனலால்' என்னும் பழைய மருந்து அதன் செம்மறுவையும் சுருங்கச் செய்ததை எதிர்பாராமல் கண்டார்கள். இன்று உலகெங்கும் அதுவே இதற்கு முதல் மருந்து.

இப்போது பாம்பின் லக்ஷணத்தைப் பார்ப்போம். வாயில் தோன்றும் ஆஞ்சியோ சார்க்கோமாவும் செம்மையாகவோ நீலம் கலந்த செம்மையாகவோதான் இருக்கும். அதுவும் தொட்டால் இரத்தம் கசியும். அதுவும் ஆரம்பத்தில் வலியின்றி இருக்கக்கூடும். தாடை எலும்புக்குள் வளர்ந்தால் வெளியே கட்டியே தெரியாமல், ஆரோக்கியமாயிருந்த பல் ஒன்று காரணமின்றி ஆடத் தொடங்கும். அல்லது கீழ் உதடும் மோவாயும் மரத்துப் போகும். சாதாரணக் கட்டி நாளடைவில் அடங்கும், இது அடங்காது. அறுத்தெடுத்த இடத்தில் மீண்டும் முளைக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது ஒன்றும் உண்டு. அதன் பெயர் 'எபிதீலியாய்டு ஹெமாஞ்சியோ எண்டோதீலியோமா.' பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நோயாளிக்கு மூச்சு வாங்கும். 1982ல் அமெரிக்க நோய்க்கூறு நிபுணர்களான வைஸ், என்ஸிங்கர் என்ற இருவர் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். கொடிய சார்க்கோமாவைப் போல வேகமாகப் பரவாது. சாதாரணக் கட்டியைப் போல ஒரேயடியாக நம்பவும் தகாது. ஒன்றாம் எண் குரோமோசோமும் மூன்றாம் எண் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் இரண்டு மரபணுக்கள் தவறாக ஒட்டிக்கொள்வதே இந்த நோயில் பெரும்பாலானவற்றின் மூலம் என்று 2011ல் வெளியாயிற்று. வாயில் இது தோன்றுவதும் மிக அபூர்வமே. ஆயினும் தோன்றும்போது ஈறின் சாதாரண நோய் போலவே தோற்றமளிக்கும்.

ஆகவே நேயர்கள் ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, இன்னதென்று நிச்சயமாகச் சொல்ல எந்த நிபுணராலும் முடியாது. கண்ணுக்கு நிச்சயமாகப்படுவது யூகமே.

வியன்னாவில் தொடங்கிய கதை

குழாய்ப் புற்றுநோய்களில் வாயோடு மிகுந்த சம்பந்தமுள்ள வேறொன்றின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். ஹங்கேரியில் கபோஷ்வார் என்ற ஊரில் 1837ல் பிறந்தவர் மோரிட்ஸ் கோன். வியன்னா நகரில் தோல் வைத்தியம் கற்று, அங்கேயே பேராசிரியராக விளங்கினார். தம் சொந்த ஊரின் பெயரைத் தழுவி 'கபோஸி' என்று பெயரை மாற்றிக்கொண்டார். 1872ல் ஐந்து நோயாளிகளிடம் தாம் கண்ட ஊதா நிறத் தோல் கட்டிகளைப் பற்றி அவர் எழுதினார். அதனாலேயே அந்த நோய்க்குக் 'கபோஸி சார்க்கோமா' என்று பெயர் வந்தது.

நூறாண்டுக் காலம் அது ஒரு மூலை நோயாகவே இருந்தது. மத்தியதரைக் கடலோரத்து முதியவர்களின் கால்களில் மெல்ல வளரும் நோய் என்றே ஐரோப்பிய டாக்டர்கள் கருதினார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் அது இளைஞர்களையும் குழந்தைகளையும் கூடத் தாக்கிக்கொண்டிருந்தது. ஆனால் உலகம் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

1981ஆம் வருஷம் ஜூலை 3ஆந் தேதி அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையம் தன் வாராந்தர அறிக்கையில் ஒரு விசித்திரமான செய்தியை வெளியிட்டது. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலுமாக 26 ஆண்களுக்குக் கபோஸி சார்க்கோமா கண்டிருந்தது. அவர்களில் ஒருவரும் கிழவரல்லர். உடலின் எதிர்ப்புச் சக்தியை அழிக்கும் ஒரு புதிய நோயின் முதல் அடையாளங்களில் ஒன்றாக அச்செய்தி பின்னர் அறியப்பட்டது. அந்தப் புதிய நோய்தான் எய்ட்ஸ். எய்ட்ஸ் நோயாளிகள் பலருக்குக் கபோஸி சார்க்கோமா மேலண்ணத்திலும் ஈறுகளிலும் ஊதாத் தழும்பாகத் தோன்றிற்று. சிலருடைய விஷயத்தில், உடலில் பெருநோய் புகுந்திருப்பதை முதன்முதலில் கண்டவர் பல் வைத்தியராயிருந்தார்.

1994ல் நியூயார்க் நகரின் கொலம்பியா சர்வகலாசாலையில் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்ற டாக்டர் தம்பதிகள் இந்தக் கட்டிகளில் ஒரு புதிய வைரஸின் அடையாளத்தைக் கண்டுபிடித்தார்கள். அக்கியில் காணும் வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களின் உடலில் அது குழாய் அணுக்களைக் கெடுத்துப் புற்றுநோயாக்குகிறது. 1996 முதல் எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துகள் வந்தபின் இந்த நோய் வெகுவாகக் குறைந்தது. எதிர்ப்புச் சக்தி மீண்டதும் வாயிலுள்ள கட்டிகள் சுருங்கி மறைந்துபோவதும் உண்டு. கத்தி எடுக்காமலே ஒரு புற்றுநோய் பின்வாங்குகிறது என்பது எவ்வளவு அற்புதம்!

நம் நாட்டில் எச்.ஐ.வி. கிருமி 1986ல் சென்னையில்தான் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுநீதி சாலமன் அம்மையாரின் மேற்பார்வையில் அந்த ஆராய்ச்சி நடந்தது. எனினும், கபோஸி சார்க்கோமாவை உண்டாக்கும் வைரஸ் இந்தியாவில் பரவலாக இல்லாததால், இங்கே எச்.ஐ.வி. உள்ளவர்களிடையேயும் அந்த நோய் அருமையாகவே காணப்படுகிறது. அதுபற்றி நாம் மகிழலாம். ஆனால் அருமையாக வருவதை அடையாளம் காண்பதற்குக் கண் பழகுவதும் அருமை என்பதை மறக்கலாகாது. வாயில் ஊதாத் தழும்பைக் கண்டால், வெட்கத்தைப் பார்க்காமல் இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்வதே விவேகம். அந்தப் பரிசோதனை எவருடைய நடத்தையையும் குறித்த விசாரணை அல்ல. சிறுநீரகம் மாற்றிக்கொண்டு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்கிறவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு அல்லவா?

வாளியில் எறியப்படும் சாட்சி

இப்போது நம் பிரதானமான விஷயத்திற்கு வருவோம். ஈறில் முளைத்த கட்டி தொந்தரவு கொடுக்கிறது. பல் வைத்தியரிடம் போகிறோம். அவர் மரத்துப்போக ஊசி போட்டு ஐந்து நிமிஷத்தில் அதை அறுத்தெடுத்துவிடுகிறார். இரத்தம் நிற்கிறது. நோயாளி மகிழ்ச்சியுடன் வீடு திரும்புகிறார். அறுத்தெடுத்த சதை என்ன ஆயிற்று? பல இடங்களில் அது பஞ்சோடு பஞ்சாக வாளிக்குப் போய்விடுகிறது.

அந்த வாளியில் விழுந்தது சதைத் துணுக்கு மட்டுமல்ல, சாட்சி. கயிறா, பாம்பா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். கட்டி மீண்டும் முளைத்து, ஆறு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, "முதலில் எடுத்ததைப் பரிசோதித்தார்களா?" என்றுதான் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு குடும்பம் விழிப்பதைவிடப் பரிதாபகரமான காட்சி வேறில்லை.

சாட்சியைக் காப்பாற்றுவது பெரிய காரியமல்ல. எடுத்த சதையை உடனே ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில், நூற்றுக்குப் பத்துப் பங்கு வீதம் கலந்த பார்மலின் திரவத்தில் போட வேண்டும். சதையின் அளவைப் போலப் பத்து மடங்கு திரவம் இருப்பது நலம். பெயரும் தேதியும் எடுத்த இடமும் எழுதிய சீட்டை ஒட்டி, நோய்க்கூறு நிபுணரின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பினால் போதும். காகிதத்தில் பொட்டலம் கட்டி எடுத்துப்போனால் சதை காய்ந்து கெட்டுவிடும்.

பரிசோதனைச் சாலையில் அதை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனமுள்ள ஏடுகளாகச் சீவுகிறார்கள். மத்திய அமெரிக்காவில் வளரும் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து முதலில் எடுக்கப்பட்ட நீலச் சாயத்தையும், 'இயோசின்' என்ற சிவப்புச் சாயத்தையும் ஏற்றிப் பூதக்கண்ணாடியின் கீழ் வைக்கிறார்கள். ஒழுங்கான குழாய்களா, ஒன்றோடொன்று பின்னி வழி தவறிய குழாய்களா, அவற்றின் உட்பூச்சு அணுக்கள் சாதுவாக இருக்கின்றனவா, பெருத்துக் குழம்பிப் பெருகிக்கொண்டிருக்கின்றனவா என்பதெல்லாம் அங்கே தெரிகிறது. சந்தேகமிருந்தால், குழாய் அணுக்களிடம் சிறப்பாகக் காணப்படும் 'சி.டி. 31', 'ஈ.ஆர்.ஜி.' போன்ற புரதங்கள் உண்டா என்று தனிச் சாயம் ஏற்றிப் பார்க்கிறார்கள். கபோஸி வைரஸுக்கும் தனிச் சாயம் இருக்கிறது. வேதாந்திகள் தேடிய விளக்கு நம் காலத்தில் இந்தப் பூதக்கண்ணாடியின் அடியில்தான் எரிகிறது.

அந்த மெழுகுக் கட்டி பல வருஷங்கள் கெடாமல் இருக்கும். நோய் இன்னதென்பதில் ஐயம் நேர்ந்தால், அதையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கி, இத்தகைய அபூர்வ நோய்களில் பழகிய வேறொரு நிபுணரிடம் காட்டலாம். அப்படிக் கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பதாகாது. அபூர்வ நோய் விஷயத்தில் நல்ல டாக்டர்கள் தாமாகவே அதைச் சொல்வார்கள்.

கத்தி பட்டால் பரவுமா?

"புற்றில் கத்தி பட்டால் பரவிவிடும்" என்று ஒரு நம்பிக்கை நம் ஊர்களில் வேரூன்றி இருக்கிறது. இதனால் பரிசோதனைக்கு அஞ்சி நாட்களைக் கடத்தியவர்கள் எத்தனையோ பேர். முறையாகச் சிறு துணுக்கை எடுத்துப் பார்ப்பதனால் நோய் பரவிவிடுவதில்லை. பரிசோதனைக்குப் பிறகு நோய் முற்றியதாகத் தோன்றினால், அது முன்பே முற்றியிருந்தது என்றே பெரும்பாலும் பொருள். பரவுவதற்குத் துணை செய்வது கத்தியல்ல, காலதாமதமே.

ஆனால் கத்தி விஷயத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது புற்றுநோயல்ல, தாடை எலும்புக்குள் தமனிகளும் சிரைகளும் தாறுமாறாகப் பிணைந்து, இரத்தம் வெள்ளமாகப் பாயும் பிறவிக் கோளாறு. பல்லைச் சுற்றி அடிக்கடி இரத்தம் வடிதல், பல்லை அழுத்தினால் உள்ளே அமிழ்ந்து மீண்டும் மேலெழுதல், கட்டியில் நாடி போலத் துடிப்பு இவையே அதன் அடையாளங்கள். இதை அறியாமல் ஆடுகிற பல்லைப் பிடுங்கியதால் இரத்தம் நில்லாமல் உயிர் போனதுண்டு. ஆகவே, துடிக்கும் கட்டியையும், காரணமின்றி ஆடும் பல்லையும் வீட்டில் நூல் கட்டி இழுக்கலாகாது. முதலில் எக்ஸ்-ரேயும் ஸ்கானும் எடுத்துப் பார்த்து, அவசியமானால் தொடையிலுள்ள தமனி வழியே மெல்லிய குழல் செலுத்தி இரத்தப் பாய்ச்சலை அடைத்த பிறகே, பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை செய்வார்கள்.

பாம்பென்று தெரிந்தால் என்ன செய்வது? ஆஞ்சியோ சார்க்கோமா கடுமையான நோய் என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் கட்டி சிறியதாயிருக்கும்போதே, சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து முழுவதும் எடுத்துவிட்டால் பிழைக்க வழியுண்டு. நுரையீரல் முதலிய இடங்களுக்குப் பரவியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். ஏனெனில் வேறிடத்தில் தோன்றிய நோயே வாயில் வந்து குடியேறியிருப்பதும் உண்டு. அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கம். பரவிய நோய்க்குப் 'பாக்ளிடாக்ஸெல்' போன்ற மருந்துகள் சில காலம் தடை போடுகின்றன. தாடை எலும்பை எடுக்க நேர்ந்தாலும் முகம் என்றென்றைக்கும் குலைந்து போகும் என்று நினைக்க வேண்டாம். காலின் கீழ்ப் பகுதியிலுள்ள மெல்லிய எலும்பை இரத்தக் குழாயோடு எடுத்துத் தாடையாக வளைத்துப் பொருத்தும் முறையை 1989ல் நியூயார்க் டாக்டர் ஹிடால்கோ வெளியிட்டார். இன்று நம் தேசத்துப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் அது நடைபெறுகிறது.

தேசத்தின் பொறுப்பு

இவ்வளவும் அயல்நாட்டார் கண்டுபிடித்தவை, நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நம்மவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1920ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் வைத்தியக் கல்லூரியை டாக்டர் ரபியுத்தீன் அஹமத் தம் முயற்சியால் ஸ்தாபித்தார். 1949ல் அதை மேற்கு வங்காள சர்க்காருக்குத் தானமாகவே கொடுத்துவிட்டார். பம்பாயில் 1941ல் டாட்டா ஞாபகார்த்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார், ஜனங்களிடம் நன்கொடை திரட்டி, 1954ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். "சாகப்போகிறவர்களுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?" என்ற மனப்பான்மை ஊறியிருந்த காலம் அது. சுதந்திரம் என்பது கொடியேற்றுவதோடு முடிவதல்ல, ஏழையின் உடலுக்கும் மதிப்புத் தருவது என்பதை அந்த அம்மையார் செய்கையால் காட்டினார்.

இன்று நம் நாட்டுப் பல் வைத்தியக் கல்லூரிகளில் வாய் நோய்க்கூறு இயலுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. சதைத் துணுக்கைப் பார்த்துச் சொல்லும் ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். பூதக்கண்ணாடியும் இருக்கிறது, பார்க்கும் கண்ணும் இருக்கிறது. சிற்றூரின் நாற்காலியில் அறுத்தெடுக்கும் சதை அந்த மேஜைக்குப் போய்ச் சேரும் வழிதான் ஒழுங்காக இல்லை. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் பார்மலின் குப்பிகள் வைத்து, வாரம் ஒரு முறையாவது அவற்றைச் சேகரித்துக் கல்லூரிக்கு அனுப்பி, முடிவைக் கைபேசி மூலம் நோயாளிக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்வது சர்க்காருக்கு முடியாத காரியமா? இதற்குப் புதிய கட்டடங்கள் வேண்டியதில்லை. திறப்பு விழாவும் மாலை மரியாதைகளும் வேண்டியதில்லை. ஒருவேளை அதனால்தான் இது இன்னும் நடக்கவில்லையோ, என்னவோ!

சர்க்கார் செய்கிறபோது செய்யட்டும். குடும்பங்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. மாதம் ஒரு முறை, விடிந்ததும் நல்ல வெளிச்சத்தில், கண்ணாடி முன் நின்று உதட்டின் உட்புறம், ஈறுகள், நாக்கின் ஓரங்கள், மேலண்ணம் ஆகியவற்றைப் பாருங்கள். தாமாகப் பார்த்துக்கொள்ள முடியாத முதியவர்களுக்கு வீட்டிலுள்ள இளைஞர்கள் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண், அடங்காத கட்டி, காரணமின்றி ஆடும் பல், மரத்த உதடு இவற்றில் ஒன்று இருந்தாலும் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் செல்லுங்கள். புகையிலைப் பழக்கம் இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி ஒத்திப்போட வேண்டாம்.

அறுத்தெடுக்கும் நாளில், நாற்காலியில் உட்காரும் முன்பே, "டாக்டர், எடுப்பதைப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். முடிவு வந்ததா என்று ஒரு வாரம் கழித்து மீண்டும் விசாரியுங்கள். வந்த சீட்டை ரேஷன் கார்டோடும் வீட்டுப் பத்திரத்தோடும் பத்திரமாக வையுங்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது பேருக்கும் மேலாகக் கயிறு என்றே பதில் வரும். அந்தக் குடும்பங்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். மிஞ்சிய ஒருவருக்கோ, பாம்பு இன்னும் குட்டியாக இருக்கும்போதே அதை அடையாளம் கண்டுகொள்ளும் பாக்கியம் கிடைக்கும். அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. ஆகையால், எல்லோரும் கேட்டே ஆக வேண்டும்.